சாட்சிக்கல்லுக்கு எதிரே ஒரு வேம்பு

"பேசலாமா, கூடாதா?" என்று கேட்டாள் முத்தரசி. கம்பை ஊன்றிப் படகைக் கழிமுகத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பேசலாம். உங்க ஊரைப் பத்தி மட்டும் பேசக் கூடாது" என்றாள் ஜெர்லின்.

"எங்க ஊரைத் தவிர எனக்கு என்னத்த தெரியும் மேடம்?"

ஜெர்லின் சிரித்தாள். சிரித்தபடியே முகத்தைச் சற்றுத் திருப்பி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தாள். வெயிலுக்குத் தலையில் துண்டு, வெற்றிலை போட்ட வாய், கம்பை ஊன்றும்போது மட்டும் இறுகுகிற தோள். ஜெர்லின் யாரையும் இப்படிச் சாய்த்துத்தான் பார்ப்பாள். ஓவியர்களின் பார்வையே அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நேராகப் பார்த்தால், பார்க்கிற இடத்திலேயே சாம்பல் நிறத்தில் ஒரு கறை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவளுக்கும் அவளுடைய கண் மருத்துவருக்கும் மட்டும் தெரியும். கறை இனி வளரும், குறையாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அவள் கண்சாட்சி ஓவியர். எந்த நிலம் யாருடையது, எது எங்கே நின்றது என்ற வழக்குகளில், நேரில் உட்கார்ந்து பார்த்து வரைந்த படம்தான் சாட்சி. அதற்கென்று நியமிக்கப்பட்டவர்களில் அவள் பெயருக்குத் தனி மரியாதை உண்டு. ஜெர்லின் வரைந்தால் மறுபேச்சு இல்லை என்பார்கள்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் முத்தரசி. "இத்தனை பாடு எதுக்கு? ஒரு போட்டோ பிடிச்சிட்டுப் போனா முடிஞ்சிரும்லா?"

"உங்க வீட்ல கல்யாண போட்டோ இருக்கா?"

"இருக்கே."

"அதுல இருக்கிறதெல்லாம் நிஜமா?"

முத்தரசி கம்பை நிறுத்தினாள். "எங்க மாமனாரு நிக்காரு மேடம் அதுல. பட்டு வேட்டி கட்டிட்டு, பல்லைக் காட்டிச் சிரிச்சிட்டு. கல்யாணத்துக்கு முந்தியே அவரு போய்ச் சேந்துட்டாரு. உசுரோட இருந்தப்பயும் சிரிச்சது கெடையாது."

"நீங்க சேக்கச் சொன்னீங்களா?"

"இல்ல. கேமராவே சேத்துக்கிச்சு. பழைய படமெல்லாம் அந்த ஃபோன்லதான கெடந்துச்சு. ஒரு ஆளு கொறையுதேன்னு அதுவே நெனச்சிருக்கும். எங்க அத்தை படத்தைப் பாத்து அழுதுட்டு, பொறவு சொல்லுதாவ, 'இந்தச் சிரிப்பை அப்பவே சிரிச்சிருந்தா என்னவாம்'னு."

"அதான் விஷயம். கேமரா இப்ப பாக்கிறதில்ல. நினைச்சுக்கிது. தெளிவா இல்லாத இடத்துல, இங்க என்ன இருக்கும்னு ஊகிச்சு நிரப்பிடும். அதனாலதான் வழக்குல போட்டோ செல்லாது. ஒரு மனுஷன் கண்ணால பாத்து, கையால வரையணும்."

முத்தரசி சிறிது தூரம் படகைத் தள்ளினாள். பிறகு கேட்டாள்: "மனுஷன் நெனச்சுக்கிட மாட்டானா?"

 பயிற்சியில் அதற்கும் ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் சத்தியம் செய்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

கழிமுகத்தின் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் ஒரு தட்டைக் கல். வழக்கில் இருக்கும் நிலம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும்படி அளந்து போட்ட கல் அது. சாட்சி அந்தக் கல்லில்தான் உட்கார வேண்டும். தீர்ப்பு வரும்வரை அக்கரையில் கால் வைக்கக் கூடாது. அங்கே இருப்பவர்களிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஃபோனைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். ஜெர்லின் தன் ஃபோனை எடுத்துக் கொடுத்தாள். முத்தரசி அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "சாயங்காலம் வாரேன் மேடம். வெயிலு கடுமையா இருக்கும், தண்ணியைக் குடிச்சிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரிய போத்தல் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

எதிரே உப்புவாய்க்கரை. கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடையில் ஒரு நீண்ட மேடு, அதன்மேல் ஒரு வரிசை வீடுகள். கடல் ஏறிக்கொண்டே வந்ததில் மிஞ்சியது அவ்வளவுதான். அரசு சுவர் கட்டப் போகிறது. சுவர் அந்த வீடுகளுக்கு அப்பால் எழும்பினால் அவர்கள் தப்புவார்கள். இப்பால் எழும்பினால் அவர்கள் கடலோடு சேர்ந்தவர்கள். எங்கோ உள்நாட்டில், மீனும் தோணியும் இல்லாத ஓரிடத்தில், அடுக்கு வீடுகளில் கொண்டுபோய் வைப்பார்கள். எதை வைத்து முடிவு செய்வது என்பதற்குச் சட்டத்தில் எளிய விதி ஒன்று இருந்தது. வேம்போ புளியோ உயிரோடு நிற்கிற நிலம் குடியிருப்பு நிலம். அவை நிற்காத நிலத்தடியில் உப்பு ஏறிவிட்டது. அது கடலின் நிலம்.

ஜெர்லின் பார்த்தாள். நேராகப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வீடுகள் கரைந்து ஒரு பழுப்புக் கோடாக ஓடின. கோட்டின் நடுவே ஏதோ கருமையாக நின்றது. மரமா, கம்பமா, கட்டிவைத்த வலையா என்று பிடிபடவில்லை. அதன்மேல் பார்வையை வைத்தால் கறை வந்து மூடியது. பார்வையை விலக்கினால் அதுவும் விலகியது. காலை முழுவதும் அப்படியே போயிற்று. தாளில் அடிவானம் மட்டும் இருந்தது.

வர்ணப் பெட்டியின் அடித்தட்டில் இன்னொரு ஃபோன் இருந்தது. தற்செயலாக வந்தது என்று அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில், அந்த ஃபோனில் பிடித்து வந்த படத்தைப் பெரிய திரையில் விரித்தாள். கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், கண்ணின் ஓரத்தால் படித்துப் படித்து வரைந்தாள். மாதிரிப் படத்தைப் பார்த்து வரைவதில் அவமானம் எதுவும் இல்லை என்று ஒரு காலத்தில் அவளே வகுப்புகளில் சொல்லியிருக்கிறாள். மாதிரிப் படம் நிழலைக் கருப்பாக்கும், வானத்தை வெளுக்கும், தூரத்தைத் தட்டையாக்கும். அது எங்கே தப்புகிறது என்பது தெரிந்த கண் உங்களுக்கு இருக்கும்வரை பயமில்லை என்பாள். இப்போது திருத்துவதற்கு அந்தக் கண் இல்லை.

கருமையாகத் தெரிந்தது ஒரு வேம்பு. திரையில் தழைத்து நின்றது. கடல் பக்கம் சாய்ந்த ஒரு கிளையில் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிய மரத்தை என் கண் தவறவிட்டதே என்று ஒரு கணம் கூசிப்போனாள். பிறகு வரைந்தாள். காகத்தையும் வரைந்தாள். அது அழகாக வந்தது.

தீர்ப்பு உப்புவாய்க்கரைக்குச் சாதகமாக வந்தது. மறுசாட்சி ஒருவரின் படமும் ஒத்துப்போனால் அது உறுதியாகும். அவளுடைய ஓவியத்தைச் செய்திகளில் காட்டினார்கள். மறுவாரமே முத்தரசி வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஓலைப்பெட்டி நிறைய நெத்திலிக் கருவாடு.

"அக்கா" என்றாள். மேடம் போய்விட்டிருந்தது. "நீங்க செஞ்சதை வேற யாரும் செய்ய மாட்டாவ."

"நான் என்ன செஞ்சேன்? இருந்ததை வரைஞ்சேன்."

முத்தரசி திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "எங்கிட்டயுமா? அந்த வேம்பு பட்டுப்போயி எத்தனையோ வருஷமாச்சேக்கா. அடிக்கட்டைதான நிக்கி. நீங்க அதைத் தழைக்க விட்டுட்டிய. காக்காவைக்கூடக் கொண்டாந்து உக்கார வச்சிட்டிய!"

 பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு கிழவர் ஜெர்லினின் மனதில் வந்து நின்றார். பழைய படங்கள் எங்கெங்கோ கிடந்திருக்கும். அதே கழிமுகம், அதே மேடு, அதே மரம், உயிரோடு இருந்த காலத்தில். ஃபோனுக்கும் அந்த இடத்தில் ஏதோ குறைவதாகத் தோன்றியிருக்கிறது.

"படத்தைப் பாத்ததும் எங்களுக்குப் பேச்சே வரல. யாரோ என்னமோ, நம்ம மொகத்தைப் பாத்து எரங்கி, சத்தியத்தை ஒடைச்சு ஒரு பொய்யை வரைஞ்சிருக்காவ, அப்படின்னு எங்க அத்தை கையெடுத்துக் கும்பிட்டாவ. அம்மனுக்குப் பொங்கல் வச்சோம், உங்க பேரைச் சொல்லி."

சொல்லிவிடலாம். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் ஊரையே பார்க்கவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன.  சுவரில் கடிகாரம் ஓடியது. தெருவில் யாரோ பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டு போனார்கள். அவளுடைய மௌனம் நீள நீள, முத்தரசியின் கண்ணில் மரியாதை கூடிக்கொண்டே போனது.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. எனக்குப் புரியுது" என்றாள் முத்தரசி. "மறுசாட்சி ஒருத்தர் வருவாராமே. அதுக்குக் கவலைப்படாதிய. நாங்க பாத்துக்கிடுதோம். உங்க படம் பொய்யாயிரக் கூடாதுல்லா."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது சில மாதம் கழித்து அங்கே போனபோதுதான் தெரிந்தது. தீர்ப்பு வந்துவிட்டதால் இப்போது அவள் அக்கரையில் கால் வைக்கலாம். வைத்தாள்.

பழைய அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு வேம்பை நட்டிருந்தார்கள். நடுத்தர வயது மரம். வேரோடும் மண்ணோடும் பெயர்த்து, டிராக்டரில் ஏற்றி, பிறகு தோணிகளைச் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். கிளைகளையெல்லாம் வெட்டி மொட்டையாக்கி, அடிமரத்தில் ஈரச் சாக்கு சுற்றி, மூன்று பக்கமும் கம்பு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"எங்க அம்மை வீட்டுல நின்ன மரம்" என்றாள் முத்தரசி. "அம்மை ஒரு மாசம் பேசவே மாட்டேன்னுட்டா. பொறவு அவளே வந்து சாக்கு சுத்துனா."

அப்போதுதான் குடங்கள் வந்தன. பெண்கள் வரிசையாக வந்து, ஒருவர் பின் ஒருவராக மரத்தடியில் ஊற்றினார்கள். மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள்.

"இது எந்தத் தண்ணி?"

"அந்தக் கரைக்கு வாற லாரித் தண்ணிதான், தோணியில கொண்டாருவோம். கிணத்துத் தண்ணி உப்புல்லா, ஊத்தினா பட்டுப்போகும். வீட்டுக்கு வீடு முறை வச்சிருக்கோம். முறை வாற வீட்டுல அன்னைக்கு ஒரு குடம் மரத்துக்கு."

"அப்ப குடிக்கிறதுக்கு?"

"கொறைச்சிக் குடிக்கது. குளிக்கதுன்னா ஞாயித்துக்கிழமைதான். பக்கத்துல வராதிய, நாறுவோம்" என்றாள் முத்தரசி. குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "இவ தண்ணி இருந்த காலத்துலயும் ஞாயித்துக்கெழமைதான் குளிச்சா" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர்களுடைய உதடுகள் வெடித்திருந்தன. சிரிக்கும்போது ஒருத்தி உதட்டைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

கல்லில் உட்கார்ந்த நாளில் தனக்கு வைத்துவிட்டுப் போன போத்தல் ஜெர்லினுக்கு நினைவு வந்தது. பாதி குடித்துவிட்டு, மீதியில் தூரிகைகளைக் கழுவியிருந்தாள்.

"அரசி" என்றாள்.  "நான் வேணும்னு வரையலை."

முத்தரசி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு கண்ணைச் சிமிட்டினாள். "ஆமா ஆமா. வேணும்னு வரைஞ்சியன்னு யாரு சொன்னா? யாரு கேட்டாலும் நாங்களும் அதைத்தான் சொல்லுவோம்."

இரு சாட்சிகளின் படங்களையும் ஒத்துப்பார்க்கும் நாள் வந்தது. ஓர் அறையில் இரண்டு ஓவியங்களையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பார்கள். அதிகாரி சொன்னதும் இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்புவார்கள். ஒத்துப்போனால் ஒருவர் படத்தின் பின்னால் மற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். அத்தோடு வழக்கு முடிந்தது. பிறகு, சாட்சியே பொய் என்று தெரிந்தாலொழிய எவராலும் அதைத் திறக்க முடியாது.

மறுசாட்சியாக வந்திருந்தவன் அஸ்வந்த். மதுரைப் பக்கத்துப் பையன், பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவன். தூரத்துத் தென்னையில் எத்தனை காய் என்று சொல்லிவிடுவான் என்று அவனைப் பற்றி அலுவலகத்தில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். ஜெர்லினைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தான்.

படங்களைத் திருப்பினார்கள்.

ஜெர்லின் முகத்தைச் சாய்த்து அவனுடைய படத்தைப் பார்த்தாள். முட்டுக் கம்புகள் இல்லை. சாக்கு இல்லை. மொட்டை மரம் இல்லை. வேம்பு தழைத்து நின்றது. கடல் பக்கம் சாய்ந்த கிளையில் காகம் உட்கார்ந்திருந்தது.

"அட்டகாசம்" என்றார் அதிகாரி. "அப்படியே ஒண்ணா இருக்கு. பேசி முடிங்க, நான் டீ சொல்லிட்டு வந்துடறேன்." போய்விட்டார்.

 அஸ்வந்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல்கள் சிவந்திருந்தன.

"அக்கா, மன்னிச்சிருங்க."

அவள் காத்திருந்தாள்.

"உங்க படத்தை நான் பாத்திருக்கக் கூடாது. செய்தியில காட்டினாங்க, கண்ணை மூடியிருக்கணும், மூடலை. ஆனா கல்லுல நாள் முழுக்க உக்காந்தேன் அக்கா, சத்தியமா. நல்லாத்தான் பாத்தேன். எனக்கு மொட்டையா ஒரு மரம் தெரிஞ்சுச்சு. மூணு கம்பு முட்டுக் கொடுத்து. வரைஞ்சும் வச்சிட்டேன். வீட்டுக்கு வந்து உங்க படத்தை நினைச்சுப் பாத்தா, அதுல தழைச்சு நிக்குது. ரெண்டு நாள் தூக்கம் இல்ல. நீங்க தப்பா வரைய மாட்டீங்க. அப்ப நான் பாத்ததுதானே தப்பா இருக்கணும்? வெயில்ல கண்ணு ஏமாத்தியிருக்கும்னு... கிழிச்சுப் போட்டுட்டு, உங்க படத்தை ரெஃபரன்ஸா வச்சே வரைஞ்சிட்டேன்." அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "எனக்கு இந்த வேலைக்கான கண்ணு இல்லைன்னு நினைக்கிறேன் அக்கா."

பேசாமல் இருந்தால் போதும். அவன் கையெழுத்துப் போடுவான். சுவர் அந்த வீடுகளுக்கு அப்பால் எழும்பும். அவள் பெயர் அப்படியே இருக்கும். இந்தப் பையன் மட்டும் இனி எதைப் பார்த்தாலும், பார்த்த அந்த நொடியிலேயே அதைச் சந்தேகிப்பான். தன் கண்ணை நம்பாமல் திரையை நம்பிய அன்று தன்னிடம் நடந்தது இன்று இவனிடம் நடந்திருக்கிறது. அவள் கண்ணில் கறை இருந்தது. இவன் கண்ணில் ஒன்றுமே இல்லை.

"நீ பாத்ததுதான் சரி, தம்பி."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் குழப்பம் மெல்ல விலகி, அதன் அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். முத்தரசியின் முகத்தில் பார்த்த அதே ஒளி.

"அப்ப நீங்க... அந்த ஜனங்களுக்காகத் தெரிஞ்சே..."

"இல்ல" என்றாள். அந்தச் சொல்லைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. "யாருக்காகவும் இல்ல. எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. அங்க என்ன நின்னுச்சுன்னே தெரியலை. ஒளிச்சு ஒரு ஃபோன் கொண்டுபோயிருந்தேன். அது காட்டினதை வரைஞ்சேன். அதுக்குத்தான் மரம் தெரிஞ்சிருக்கு. காக்காவும்."

 அஸ்வந்த் அவளைப் பார்க்காமல் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். வராந்தாவில் டீக்காரரோடு அதிகாரி பேசுவது கேட்டது.

"சாயங்காலம் கல்லைவிட்டு எழுந்திரிக்கிற நேரத்துல" என்றான் அவன், "பொம்பளைங்க வரிசையா குடத்தோட வந்தாங்க. ஒவ்வொருத்தரா அந்த மொட்டை மரத்துக்கு ஊத்திட்டுப் போனாங்க. ஊத்தி முடிச்சு ஒரு பாட்டி குடத்தைக் கவுத்து, கையில வழிஞ்ச சொட்டை நக்குனாங்க. அதை நான் பாத்தேன். அது சரியாத்தான் பாத்திருக்கேன், இல்லையா?"

"சரியாத்தான் பாத்திருக்கே."

அதிகாரி உள்ளே வந்தார். "என்ன, ஒத்துப்போகுதா?"

அஸ்வந்த் ஜெர்லினைப் பார்க்கவில்லை. "ஒத்துப்போகுது சார்" என்றான். அவளுடைய படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி கையெழுத்துப் போட்டான். உப்புவாய்க்கரைக்காரர்கள் நன்றி சொன்ன அந்தக் காரியத்தை அப்போதுதான் ஒருவர் செய்தார்.  பிறகு அவளும் அவன் படத்தின் பின்னால் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே படியிறங்கும்போது மட்டும் அவன் மெல்லக் கேட்டான்: "அந்தக் காக்காவையாவது நான் விட்டிருக்கலாம், இல்லக்கா?"

அவள் வேலையை விட்டுவிட்டாள். வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னாள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அவள் வரைந்த எல்லா வழக்குகளையும் திறப்பார்கள். முதலில் இதைத்தான் திறப்பார்கள். அதனால் அதைச் சொல்லும் உரிமையும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. பிரிவுபசார விழாவில் அவளுடைய பார்வையைப் பற்றிப் பேசினார்கள். தலையைச் சாய்த்து அவள் பார்க்கிற விதத்தை ஒருவர் நடித்துக்கூடக் காட்டினார்.

மறுநாள் உப்புவாய்க்கரைக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துப் போனாள். வரிசையில் கடைசியில் போய் நின்றாள். முத்தரசி ஓடி வந்து குடத்தைப் பிடுங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னத்துக்குக்கா முறை? உங்க பங்கைத்தான் மொதல்லயே செஞ்சிட்டியளே."

ஜெர்லின் குடத்தை விடவில்லை. மரத்தடிக்குப் போய், மண் குடிக்கக் குடிக்க ஊற்றினாள். இவ்வளவு அருகில் அவள் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை. முகத்துக்கு நேரே அடிமரம் இருந்தது, சாக்கின் ஈர வாடையோடு. அதன் நடுவே கறை இருந்தது.

"அந்தா, வெட்டுன எடத்துக்குப் பக்கத்துல" என்று முத்தரசி கை நீட்டினாள். "செக்கச் செவேல்னு தளிரு விட்டிருக்கு. இன்னைக்குக் காலையிலதான் பாத்தோம். தெரியுதாக்கா?"

ஜெர்லின் பார்த்தாள். தலையைச் சாய்க்கவில்லை. நேராகவே பார்த்தாள்.

"தெரியலை" என்றாள்.

முத்தரசி ஒரு கணம் திகைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பி வரிசையைப் பார்த்துக் கூவினாள்.

"ஏட்டி, கேட்டியளா? கண்சாட்சிக்கே தெரியலையாம்லா!"

குடங்களோடு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை ஒன்றைக் கேட்டது போல, தண்ணீர் சிந்திவிடாமல் குடத்தைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் சிரித்தார்கள்.